தினமும் ஒரே வேலை: கேள்வி பதில்

கேள்வி: நாள் முழுக்க பில் சரிபார்க்கிறேன். கற்பனை மழுங்கிவிடுமா?

பதில்: ஒரே வேலை என்பதாலேயே மழுங்காது. கை பாட்டுக்கு வேலை செய்ய, மனசு ஊர் சுற்றலாம் என்றால் நல்லதுகூட. 2014-ல் வெளியான, சாண்டி மான், ரெபெக்கா காட்மன் என்ற இரு ஆய்வாளர்களின் ஆய்வில் சிலரை டெலிபோன் டைரக்டரியிலிருந்து எண்களைப் பார்த்து எழுத வைத்தார்கள். அப்புறம் பிளாஸ்டிக் கப்பை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, எழுதாதவர்களைவிட இவர்கள் அதிக யோசனை சொன்னார்கள்.

உங்கள் வேலை அந்த ரகமில்லை. கவனம் முழுவதையும் பிடுங்கிக்கொள்ளும், யோசிக்க எதுவும் தராது. 1948-ல் மேக்வொர்த் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு பரிசோதனை செய்தார். கடிகாரம் மாதிரி ஒரு முகப்பில் முள் சீராக நகரும், எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் அரை மணியிலேயே ஆட்கள் கோட்டைவிட ஆரம்பித்தார்கள். பில்லுக்கு நடுநடுவே வேறு வேலை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும்?

பதில்: மேலே அரை மணி என்று எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சம்பளத்தைக் கூட்டினால் ஊக்கம் தானாக வரும். மற்றதெல்லாம் மேடைப்பேச்சு.

பதில்: பாதி சரி. ஃபோர்ட் கார் தொழிற்சாலையில் 1913-ல் அசெம்பிளி லைன், அதாவது ஆளுக்கு ஒரே போல்ட்டைத் திரும்பத் திரும்ப முடுக்குவது போன்ற வேலை, வந்த காலத்தில் ஆட்கள் வேலையை விட்டு ஓடிக்கொண்டே இருந்தார்கள். 1914-ல் நாள் கூலி ஐந்து டாலர் என்றதும் ஓடாமல் நின்றார்கள். நின்றார்கள், அவ்வளவுதான். கூலி ஆளை நிறுத்தும். வேலையில் ருசியை உண்டாக்காது.

கேள்வி: அப்படியென்றால் சம்பளம் முக்கியமில்லையா?

பதில்: எங்கே சொன்னேன்? நியாயமான சம்பளம் முதலில். அதைத் தராமல் சுவரில் ஊக்க வாசகம் ஒட்டும் மேனேஜர்கள் என்னைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். 1976-ல் ஹாக்மன், ஓல்டம் என்ற இரு ஆய்வாளர்கள் வேலையின் ஊக்கத்துக்கு ஒரு கணக்கே போட்டார்கள். வேலையில் எத்தனை வகைத் திறமை தேவை, ஒன்றை முழுமையாகச் செய்கிறோமா, அது மற்றவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்ற மூன்றுக்கும் சராசரி எடுத்து, அதைச் சுதந்திரத்தாலும், செய்தது எப்படி இருக்கிறது என்று தெரியவருவதாலும் பெருக்கினார்கள். பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். சுதந்திரம் பூஜ்யமென்றால் மொத்தமும் பூஜ்யம். பில்லை எந்த வரிசையில் பார்ப்பது என்றுகூட நீங்கள் முடிவெடுக்க முடியாதா? அங்கேதான் கோளாறு.

கேள்வி: யோசனைப் பெட்டி வைக்கலாமா?

பதில்: போன தடவை வந்த யோசனைகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வையுங்கள். சுவரில் வாசகம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: தூக்கமில்லை, காலையில் வேலையை நினைத்தாலே அழுகை வருகிறது.

பதில்: இது சலிப்பில்லை. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரே வேலை செய்தால் கற்பனை...

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஐந்து டாலர் இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தால்?

பதில்: சரி, விடமாட்டீர்கள் போல. கூட்டியிருந்தாலும் போல்ட் அதே போல்ட்தான்.