கார்ன் யூனியில் உள்ள நிலத்தடிப் பாதை எதற்காகக் கட்டப்பட்டது?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில் சான்க்ரீட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது கார்ன் யூனி. இரும்புக் காலத்தில் தொடங்கி ரோமானியர் காலம் வரை மக்கள் வாழ்ந்த சிற்றூர் இது. அங்குள்ள சுரங்கப் பாதையை ‘ஃபோகு’ என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் தகரத் தாது தேடியவர்கள் கண்ணில்தான் முதலில் பட்டது. 1964 முதல் 1972 வரை முறையாக அகழ்ந்தார்கள்.

நீளம் சுமார் 20 மீட்டர். பள்ளம் தோண்டி, இருபுறமும் கல் அடுக்கி, மேலே பெரிய கிரானைட் பலகைகளைப் போர்த்தி மண்ணால் மூடியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு வட்ட அறை. அதன் சுவர்க் கற்கள் மேலே போகப் போக உள்நோக்கி நீண்டிருக்கும். அங்கே ஈரக்கல்லில் படர்ந்த பாசி, வெளிச்சம் படும் கோணத்தில் பச்சையாக மினுங்கும்.

சரி, எதற்கு? தானியக் கிடங்கு, ஒளிவிடம், வழிபாட்டிடம் என்று மூன்று கருத்துகள் உண்டு. ஒளிவிடம் என்பதை நான் நம்பவில்லை: வாசலில் தீ மூட்டினால் உள்ளே இருப்பவர்கள் கதி அதோகதிதான். அந்த ஈரத்தில் தானியமும் தாங்காது. பாலும் வெண்ணெயும் வேண்டுமானால் கெடாமல் இருக்கும். அமில மண் எலும்பை அரித்துவிடுவதால் தடயங்களும் குறைவு. ஆனால் அந்த வட்ட அறைக்குப் பட்ட பாட்டைப் பார்த்தால் வழிபாடு என்றே தோன்றுகிறது.

சுற்றிலும் கல்வேலி போட்ட சின்னச் சின்ன வயல்கள். பிரேன் என்ற குக்கிராமத்திலிருந்து நடந்தே போகலாம். டார்ச் அவசியம்.