புராசஸர் மாற்றியதும் தடுமாறும் பழைய கம்ப்யூட்டர்: கேள்வி பதில்

சேலத்தில் தறி டிசைனுக்கும் கடைக் கணக்குக்கும் இன்னும் இருபது வருடத்துப் பெட்டியை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அந்த சாஃப்ட்வேர் புது மெஷினில் ஓடாது என்பதால் பழசிலேயே பெரிய புராசஸரைப் போடுகிறார்கள், அப்புறம் ஹேங் ஆகிறது என்று வருகிறார்கள். எல்லாருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: புராசஸர் கெட்டுப்போவது அபூர்வம். அதைச் சந்தேகப்படுவதைக் கடைசியில் வையுங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து: அண்ணா, அத்லான் எக்ஸ்பி 1800+ புராசஸர் இருந்த இடத்தில் 2500+ போட்டேன். 1100 மெகாஹெர்ட்ஸ் என்றுதான் காட்டுகிறது. பயாஸில் (மெஷின் எழும்பும்போது வரும் செட்டிங்) பஸ் வேகத்தை 166-க்கு மாற்றினால் விண்டோஸ் வருவதற்குள் நீலத் திரை. டூப்ளிகேட் கொடுத்துவிட்டார்களா?

இல்லை தம்பி, அது நல்ல புராசஸர்தான். போர்டின் அடிப்படை வேகம்தான் பஸ், அதை புராசஸர் எத்தனை மடங்காக்குகிறது என்பது பெருக்கம், இதற்கு 11. புதுசு போட்டதும் போர்டு பாதுகாப்புக்காக 100 பஸ்ஸில் எழும்பியிருக்கிறது, 11 பெருக்கல் 100, அதுதான் 1100. 166 வைத்தால் 1833 வர வேண்டும். ஆனால் உங்கள் பழைய 1800+ ஓடியது 133-இல், ராமும் அதற்கேற்ற டிடிஆர்266-ஆகத்தான் இருக்கும். பஸ்ஸை ஏற்றியதும் ராமும் கூடவே 166-க்கு இழுபடுகிறது, தாங்கவில்லை. 166-ஐத் தாங்கும் டிடிஆர்333 போடுங்கள், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும், ஒரு பிழைகூட வரக்கூடாது. அதற்கும் முன்னால் போர்டின் சிப்செட் (பாகங்களை இணைக்கும் முக்கியச் சிப்) எது என்று பாருங்கள். என்ஃபோர்ஸ்2 என்றால் கவலையில்லை. கேடி266ஏ என்றால் 166 வைக்கவே வைக்காதீர்கள், கார்டுகளும் ஹார்ட் டிஸ்கும் பேசும் பிசிஐ பாதை 33-க்குப் பதில் 41 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடும், ஹார்ட் டிஸ்கில் இருக்கும் டிசைனெல்லாம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். அந்தப் போர்டில் 133 வைத்து 1466-இல் ஓட்டுங்கள், போதும்.

அவரே மறுபடியும்: என்ஃபோர்ஸ்2தான் அண்ணா. ராம் மாற்றினேன், மெம்டெஸ்டில் பிழை இல்லை. ஆனால் டிசைன் சாஃப்ட்வேரில் வேலை கனமானதும் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) புதுசு, 450 வாட்.

புதுசாக இருப்பதுதான் பிரச்சினை. போர்டில் நாலு முள் 12 வோல்ட் சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் புராசஸருக்கான கரண்ட் 5 வோல்ட் லைனிலிருந்து போகிறது. 2500+ முழு வேலையில் 68 வாட் வரை எடுக்கும், அதாவது கிட்டத்தட்ட 14 ஆம்பியர், வழியில் வீணாவதைச் சேர்த்தால் இன்னும் மேலே, மற்ற பாகங்கள் எடுப்பது தனி. இப்போது வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் பலமெல்லாம் 12 வோல்ட்டில்தான். வேலை ஓடும்போது மல்டிமீட்டரை சிவப்பு, கறுப்பு ஒயரில் வையுங்கள், 4.75-க்குக் கீழே போனால் சந்தேகமே வேண்டாம். 5 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்று லேபிளில் இருக்கும் பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். நானும் இதில் ஏமாந்து ஒரு வாரம் வீணடித்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து, காபி எஸ்டேட் கணக்கு பார்ப்பவர்: பென்டியம் 133-ஐ எடுத்துவிட்டு கே6-2 400 புராசஸர் போட்டோம் சார். விண்டோஸ் 95 சில நாள் வருகிறது, சில நாள் புரொடெக்‌ஷன் எரர் என்று நின்றுவிடுகிறது.

சார், முதலில் மெஷினை அணைத்துவிட்டு, போர்டில் வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் சின்ன இணைப்பான ஜம்பரைப் பாருங்கள். பழைய 133-க்கு 3.3 வோல்ட், கே6-2 உள்ளே கேட்பது 2.2 வோல்ட். பழைய ஜம்பரிலேயே ஓட்டினால் சூட்டிலேயே செத்துவிடும். போர்டில் 2.2 இல்லவே இல்லையென்றால் இந்த புராசஸர் இந்தப் போர்டுக்கு ஆகாது. இருந்தால் பஸ் 66, பெருக்கம் 2 என்று வையுங்கள், இந்தச் சிப் 2-ஐ 6 என்று எடுத்துக்கொள்ளும், 400 வந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அந்த எரர் வந்தால் அது விண்டோஸ் 95-இன் குறை. 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள கே6-2-வில், நேரத்தை அளக்கும் ஒரு சின்னச் சுற்று எதிர்பார்த்ததைவிட வேகமாக முடிந்து கணக்கு பூஜ்ஜியத்தால் வகுப்பதில் போய் முட்டுகிறது, அதனால்தான் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. இதற்கென்றே ஒரு திருத்தம் வந்தது, அதைப் போட்டால் சரியாகும். மேலே பனியும் ஈரமும் அதிகம் என்பதால் ராமையும் கார்டுகளையும் கழற்றி, தங்க முலாம் பூசிய முனைகளை ரப்பரால் துடைத்து மாட்டுங்கள்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் மட்டும் நின்றுபோகிறது.

சூடு. தறிப் பஞ்சு, புராசஸர் மேல் சூட்டை இறக்க வைத்திருக்கும் ஹீட் சிங்க் இடுக்கில் கம்பளம் மாதிரி படிந்திருக்கும். ஊதி எடுத்துவிட்டு, புராசஸருக்கும் அதற்கும் நடுவில் உள்ள பழைய பேஸ்டைச் சுரண்டிப் புதுசு போடுங்கள், அரிசி அளவு போதும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: பழைய புராசஸரையே திருப்பிப் போட்டும் ஹேங் ஆகிறது அண்ணா.

அப்படியானால் புராசஸரை விட்டுவிடுங்கள். சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள், தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூட, 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) வகை வாங்கி எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் பக்கத்தில் இருப்பது உப்பும். கழற்றும் முன் எந்தப் பக்கம் மைனஸ் என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.