உடலும் தோற்றமும்: வாசகியர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு 21 வயது. கண்ணாடியில் பார்த்தால் மூக்கு சாதாரணமாகத்தான் இருக்கிறது. செல்ஃபி எடுத்தால் மட்டும் அகலமாகத் தெரிகிறது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் கேமராவைச் சோதித்துப் பாருங்கள். கையை நீட்டி எடுக்கும் படத்தில் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதான். காதுகள் சில அங்குலம் பின்னால் இருக்கின்றன. அருகில் உள்ளது பெரிதாகவும் தள்ளி உள்ளது சிறிதாகவும் பதிவாகும். 30 செ.மீ. தொலைவில் எடுத்தால் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். 1.5 மீட்டர் தள்ளிப் போனால் இந்தக் கோளாறு அநேகமாக மறைந்துவிடும்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். ஃபோனைக் கண் உயரத்தில் சாய்த்து வைத்து, பின்பக்கக் கேமராவைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் நேராக விழட்டும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூம் வைத்து, டைமரில் எடுங்கள். அதற்கு முன் கேமரா செட்டிங்கில் 'பியூட்டி', 'ஸ்மூத்' என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். சில ஃபோன்களில் நாம் கேட்காமலே அது ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகும் மருத்துவரைப் பார்க்கத் தோன்றினால் இந்தப் படத்தோடு போங்கள். ஃபில்டர் போட்ட படத்தை எடுத்துப் போகாதீர்கள். ஃபில்டர் அழித்துவிடும் தோலின் நுண்துளைகள் வழியாகத்தான் ரோமமும் எண்ணெயும் வெளியே வருகின்றன. துளையில்லாத முகத்தோல் யாருக்கும் கிடையாது. நார்வேயில் விளம்பரப் படத்தில் உடலையோ தோலையோ திருத்தியிருந்தால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று 2022 ஜூலை முதல் சட்டமே இருக்கிறது.

கேள்வி: 13 வயது மகள், "நான் குண்டா இருக்கேன்" என்று இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறாள். "நீ அழகாத்தான் இருக்கே" என்றாலும் கேட்பதில்லை.

பதில்: குண்டாக இருந்தால் அழகில்லை என்பது அந்தச் சமாதானத்துக்குள்ளேயே இருக்கிறது, அம்மா. அவள் காதில் அதுதான் விழுகிறது. "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள். இந்த வயதில் இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பது இயல்பு, மாதவிடாய் ஒழுங்காக வர உடலுக்குக் கொழுப்பு தேவை என்று நேராகவே சொல்லுங்கள். வீட்டில் யாருடைய உடம்பைப் பற்றியும் பேச்சு வேண்டாம். "மெலிஞ்சு அழகாயிட்டே" என்ற பாராட்டும் வேண்டாம். உங்கள் வயிற்றை நீங்களே குறை சொல்வதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். பார்க்கும் படங்களும் பிள்ளைகளை இப்படி மாற்றலாம். ஃபிஜித் தீவின் நாட்ரோகா பகுதி, பருத்த உடலை மதித்து வந்த ஊர். அங்கே 1995-இல் தொலைக்காட்சி வந்தது. எடை குறைக்க வாந்தி எடுப்பதாக அந்த ஆண்டு ஒரு மாணவிகூடச் சொல்லவில்லை. 1998-இல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள்.

சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, மயக்கம், எப்போதும் குளிர்கிறது என்பது, மூன்று மாதமாக மாதவிடாய் வராதது, வேகமாக எடை இறங்குவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: தொடையில் வரி வரியாகத் தழும்பு. எந்தக் கிரீம் போட்டால் போகும்?

பதில்: முழுவதும் போக்கும் கிரீம் கிடையாது. தோல் வேகமாக விரியும்போது உள்ளடுக்கில் ஏற்பட்ட கிழிசல் ஆறிய தடம் அது. நாளாக நாளாகத் தானே வெளிறும். பணத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: 'உன் உடலை நேசி' என்கிறார்கள். என்னால் முடியவில்லை.

பதில்: நேசித்தே ஆக வேண்டும் என்றில்லை. அதுவும் இன்னொரு பரீட்சையாகிவிடும். பகை இல்லாமல் இருந்தால் போதும். கண்ணாடியை ஒட்டி நின்று குறை தேடாமல், ஒரு மீட்டர் தள்ளி நின்று முழு உருவத்தையும் தினம் 5 நிமிடம் பாருங்கள். "அசிங்கமான கை" என்று மனம் சொன்னால், "கை, முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம்" என்று மாற்றிச் சொல்லுங்கள். பத்தாத உடைகளை அலமாரியை விட்டு எடுத்துவிடுங்கள். சமூக ஊடகத்தை நாளுக்கு 60 நிமிடத்தோடு நிறுத்துங்கள். கனடாவில் இளைஞர்கள் அப்படி நிறுத்தியபோது, மூன்றே வாரத்தில் தங்கள் தோற்றம் பற்றிய அவர்களின் எண்ணம் மேம்பட்டது.

தோற்றக் கவலை தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொள்கிறது, ஆட்களைப் பார்க்கவே கூசுகிறது என்றால், அது உடல் உருவக் கோளாறாக இருக்கலாம். நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு உண்டு. மனநல மருத்துவரிடம் அதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார். அழகு அறுவை சிகிச்சையால் இது பெரும்பாலும் தீர்வதில்லை, கவலை வேறு உறுப்புக்கு இடம் மாறிவிடும். ஒரு நாளில் எத்தனை முறை கண்ணாடி பார்க்கிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வைத்து, அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள்.