குதிகால் பிடித்தால் விரல் தப்பும்

கேள்வி: மலை நடைக்கு இதுவரை சாதாரண டிரெக்கிங் ஷூதான் போட்டு வந்தேன். இப்போது தோழிகளோடு பாறை ஏற்றமும் தொடங்கியிருக்கிறேன். பாறையடிக்குப் போகவே 6, 7 கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதுகில் கயிறும் சாமானுமாக 10 கிலோவுக்கு மேல் இருக்கும். வழியில் பாறைக் குவியல்கள், கையையும் ஊன்றி ஏறவேண்டிய சாய்பாறைகள். என் ஷூ அங்கே வழுக்குகிறது. இறங்கும்போது பெருவிரல் நகம் கறுத்துப்போகிறது, குதிகால் உள்ளே எழும்பி எழும்பித் தோல் உரிகிறது. எனக்கு முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி. நடைக்கும் எளிய பாறைக்கும் ஒன்றாகவே ஆகும் அப்ரோச் ஷூ வாங்கச் சொல்கிறார்கள். கிளைம்பிங் ஷூ போல ஒரு எண் குறைத்து வாங்கலாமா? பெண்கள் மாடல்தான் வேண்டுமா, ஆண்கள் மாடலும் ஆகுமா? தண்ணீர் புகாத ரகம் நல்லதா?
– ஒரு வாசகி

பதில்: எண்ணைக் குறைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் நகமும் குதிகாலும் ஒரே கோளாறின் இரண்டு முனைகள். குதிகாலையும் புறங்காலையும் ஷூ இறுக்கிப் பிடிக்கவில்லை; அதனால் ஏறும்போது குதிகால் மேலே எழும்புகிறது, இறங்கும்போது பாதம் முழுதும் முன்னே சறுக்கி விரல் மோதுகிறது. ஐரோப்பிய அளவில் ஒரு எண் என்பது சுமார் 6.7 மி.மீ. அதைக் குறைத்தால் சறுக்க இடமில்லாமல் போகும், உண்மைதான். ஆனால் விரல்கள் நாள் முழுக்க சுவரோடு ஒட்டியே இருக்கும். கறுத்த நகம் கழன்று விழும் நிலைக்குப் போகும். கிளைம்பிங் ஷூவைப் பாறையில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டுக் கழற்றிவிடுகிறோம். அப்ரோச் ஷூவோ பல மணி நேரம் காலில் கிடப்பது.

உங்கள் காலுக்கு வேண்டியது நீளம் சரியாகவும், குதிகால் குறுகலாகவும், முன்புறம் விரிந்தும் உள்ள ஷூ. பெண்கள் மாடல் பற்றிய கேள்விக்கும் இங்கேயேதான் பதில் இருக்கிறது. ஷூவை ஓர் அச்சின் மேல்தான் தைக்கிறார்கள். பெண்களுக்கான அச்சு என்றால் பெரும்பாலும் குதிகால் ஒடுக்கம், புறங்காலின் உயரம் குறைவு, மொத்தத்தில் உள்ளே கொள்ளும் இடமும் குறைவு. இந்த மூன்றில் முதல் இரண்டும் உங்களுக்கு உதவும். மூன்றாவது, முன்பாதத்தின் அகலத்தில் கடிக்கலாம். ஆகவே பெண்கள் மாடலில் தொடங்குங்கள். அகலமான வடிவில் வருவது இருந்தால் அதை முதலில் பாருங்கள். முன்பாதம் அடங்கவே இல்லை என்றால் மட்டும் ஆண்கள் மாடலுக்குப் போங்கள். ஐரோப்பிய எண் இருவருக்கும் ஒன்றே. அமெரிக்க எண்ணில் பெண்கள் அளவு ஆண்கள் அளவைவிட 1 முதல் 1.5 வரை கூடுதலாக எழுதப்படும். பெட்டியில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் இதில்தான் தவறு நேரும். ஆண்கள் மாடலில் புறங்காலின் மேல் இடம் மிஞ்சினால், இன்சோலுக்கு அடியில் ஒரு மெல்லிய அட்டை இன்சோல் வைத்து நிரப்பலாம். குதிகால் கிண்ணம் அகலமாக இருந்தால் அதைச் சரிசெய்ய வழி இல்லை. அந்த ஷூவை விட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் ஆண்கள் அச்சிலேயே நிறத்தை மட்டும் மாற்றிப் பெண்கள் மாடல் என்று விற்பதும் உண்டு. காலில் போட்டு நடந்தால் தெரிந்துவிடும்.

பிள்ளை பெற்றவர் என்றால் பழைய எண்ணை நம்பாமல் பாதத்தைப் புதிதாக அளந்துகொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் பாத வளைவு தாழ்ந்து, பாதம் நீண்டு அகன்று, பிறகும் அப்படியே நின்றுவிடுவது உண்டு.

போட்டுப் பார்ப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலைக்குப் போடும் அதே சாக்ஸ் அவசியம். முதலில் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் முழு எடையோடு நில்லுங்கள். விரல் நுனிக்கு முன்னால் 8 முதல் 10 மி.மீ. இடம் வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலைத் தாண்டி வழிந்தால் அந்த அச்சு உங்களுக்கு ஒடுக்கம். போகப் போகத் தளர்ந்துவிடும் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். தோல் கொஞ்சம் தளரும்தான், ஆனால் விரலைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை தளராது. இரண்டு பாதமும் சமமாக இருக்காது, பெரிய பாதத்துக்குத்தான் அளவு.

அடுத்து, லேஸைக் கட்டிக்கொண்டு ஒரு சரிவில் இறங்குங்கள். சாய்த்து வைத்த பலகை போதும். நான்கைந்து அடி அழுத்தி மிதித்து இறங்கும்போது விரல் முன்னால் முட்டினால், லேஸை இறுக்கி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் முட்டினால் அந்த ஷூ வேண்டாம். பிறகு படிக்கட்டில் ஏறுங்கள். குதிகால் துளி அசைவது பரவாயில்லை, அரை செ.மீ. எழும்பினால் கொப்புளம் உறுதி. கடைசியாக, படியின் விளிம்பில் பெருவிரல் பக்கம் மட்டும் ஒரு செ.மீ. பட நின்று, குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். 20 வினாடி நிற்கும்போது ஷூ நடுவில் மடங்குகிறதா, பாதம் உள்ளே வெளிப்பக்கம் வழுகுகிறதா என்று பாருங்கள். பாறை விளிம்பில் நிற்கும்போது நடப்பதும் இதுதான். ஷூவின் விறைப்பைப் பற்றிக் கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்: எடை குறைந்தவர் காலில் அதே சோல் அதிக விறைப்பாகத் தெரியும். சுமையோடு போகிறவர் என்பதால் பையில் 10 கிலோவைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டே சோதியுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி சோல். அப்ரோச் ஷூவுக்கும் உங்களிடம் இருப்பதற்கும் முக்கிய வேறுபாடு இங்கேதான். ரப்பர் மென்மையானது, பாறையின் சொரசொரப்புக்குள் அழுந்தி ஒட்டுகிறது. பற்கள் ஆழம் குறைவு. அதனால் பாறையோடு படியும் பரப்பு அதிகம். விரல் நுனிக்கு அடியில் பற்களே இல்லாத சமதளப் பகுதி ஒன்று இருக்கும். சிறு விளிம்பில் நிற்பதும் சாய்பாறையில் ரப்பரை அப்பி நிற்பதும் இந்தப் பகுதியால்தான். லேஸ் விரல் வரை இறங்குவதும், முன்மூக்கைச் சுற்றி ரப்பர் பட்டை ஓடுவதும் மற்ற அடையாளங்கள். விப்ரம் மெகாகிரிப், ஃபைவ் டென்னின் ஸ்டெல்த் சி4 போன்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல ரப்பர்கள்தான், உலர்ந்த பாறையில் எதை எடுத்தாலும் நீங்கள் வித்தியாசத்தை உணர்வீர்கள். ஆனால் பெயரைப் பார்த்து வாங்கி, குதிகால் ஆடினால், அந்த ஒட்டுத்தன்மை எதற்கும் உதவாது: ரப்பர் பாறையில் நிற்கும், கால் ரப்பருக்குள் சுழலும்.

இதற்குக் கொடுக்கும் விலை இரண்டு. மென்மையான ரப்பர் தார்ச்சாலையில் சீக்கிரம் தேயும், முதலில் மழுங்குவது அந்த விரல் முனைதான். பற்கள் ஆழமற்றவை என்பதால் ஈரமண்ணிலும் நனைந்த புல்லிலும் சேறு அப்பிக்கொண்டு சறுக்கும். பாசி படிந்த ஈரப்பாறையில் எந்த ரப்பரையும் நம்பாதீர்கள். உங்கள் பாதையில் மண்ணும் புல்லும் பாதிக்கு மேல் என்றால், புள்ளி புள்ளியான தட்டைச் சோலை விட்டு, குதிகாலடியில் ஆழமான பற்கள் பின்னோக்கி வெட்டப்பட்ட மாடலைத் தேடுங்கள். இறக்கத்தில் பிரேக் போடுவது அந்தப் பற்கள்.

நடைக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று என்று இரண்டு காலணி சுமப்பதன் ஆபத்து பழைய கதை. 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸின் புந்தா ராசிகாவில் ஆறு பேர் இறந்தார்கள். பாறை ஏற மாட்டிய, பனிக்கும் குளிருக்கும் ஆகாத மெல்லிய காலணியோடு புயலில் சிக்கியவர்கள். அந்த அணியில் இருந்த வித்தாலே பிரமானி அதன்பின் உருவாக்கியதுதான் பற்கள் வைத்த ரப்பர் சோல். விப்ரம் என்ற பெயரும் அவருடையதே.

மேல்பகுதிக்கு வருவோம். தோலா, வலைத்துணியா என்ற கேள்விக்கு இன்னொரு கேள்விதான் விடை: பாறையை அந்த ஷூவோடே ஏறுவீர்களா, கிளைம்பிங் ஷூவை மாட்டிக்கொண்டு இதை இடுப்பில் தொங்கவிடுவீர்களா? லா ஸ்போர்ட்டிவா நிறுவனத்தின் வரிசையில் டி.எக்ஸ்.4 தோலிலும் டி.எக்ஸ்.3 வலைத்துணியிலும் வந்தது இந்தப் பிரிவினையால்தான். தோல் பாறை வெடிப்புக்குள் சொருகினாலும் கிழியாது, பக்கவாட்டில் காலை நன்றாகத் தாங்கும். நனைந்தால் உலர நேரமாகும். வலைத்துணி இலகு, காற்றோட்டம் உண்டு. மணல் புகும், வெடிப்பில் நாலு முறை திருகினால் நூல் பிரியும். சாய்பாறையும் பாறைக்குவியலும் 10 கிலோ சுமையும் என்றால் என் ஓட்டு தோலுக்கு. தொங்கவிடுவதாக இருந்தால் குதிகாலில் உள்ள வளையங்கள் இரண்டையும் ஒரே காராபினரில் (உலோகக் கொக்கி) கோத்து ஹார்னெஸின் (இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) பின்புறம் மாட்டுங்கள். லேஸில் கட்டித் தொங்கவிட்டால் ஆடி ஆடி வெடிப்பில் மாட்டும்.

தண்ணீர் புகாத ரகம் உங்களுக்கு வேண்டாம். கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு வெளியிலிருந்து வரும் ஈரத்தைத் தடுக்கும். தாழ்ந்த கழுத்துள்ள ஷூவில் ஓடையைத் தாண்டும்போது தண்ணீர் மேல்விளிம்பு வழியாக உள்ளே போகும். போனது வெளியே வராது. வெயிலில் கால் வேகும், வியர்வையில் ஊறிய தோல் இன்னும் சுலபமாக உரியும். குளிர்ந்த சகதியிலும் உருகும் பனியிலும் நடப்பவர்களுக்கு அது சரி.

உயரக் கழுத்து கேட்பீர்கள். அது கணுக்கால் எலும்பில் கல் இடிக்காமல் காக்கும். கால் பிசகாமல் காக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். பாறையில் பாதத்தை மடக்க வேண்டியிருப்பதால் தாழ்ந்த கழுத்தே வசதி. விளிம்பு கணுக்கால் எலும்பை உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

லேஸ் கட்டுவதில் பாதி வெற்றி இருக்கிறது. விரல் பகுதியும் கணுக்கால் பகுதியும் வேறு வேறு இறுக்கத்தில் இருக்க வேண்டும். முன்பாதம் முடியும் இடத்தில் லேஸை ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றி முடிச்சுப்போட்டால் கீழே உள்ள இறுக்கம் அப்படியே நிற்கும். மேலே உள்ள கடைசி இரண்டு துளைகளில், அதே பக்கத்தில் சிறு கண்ணி விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் கொடுத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னுக்கு ஒட்டிக்கொள்ளும். ஏறும் நடையில் முன்பாதத்தைத் தளர விடுங்கள். பாறைக்கு முன் விரல் பகுதியை இறுக்குங்கள். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கத்தை இறுக்குங்கள். அந்த அரை நிமிடச் சோம்பலால்தான் பலருக்கு நகம் போகிறது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வதும் கட்டாயம்.

முதல் வாரம் சுமையில்லாமல் குறுகிய நடைகளுக்குப் போட்டுப் பழக்குங்கள். பாறையில் கால் வைக்கும் முன் சோலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிடுங்கள். தூசி படிந்தால் எவ்வளவு ஒட்டும் ரப்பரும் வழுக்கும். நனைந்தால் காகிதம் திணித்து நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகிலோ வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ வைத்தால் பசை இளகி முன்பட்டை பிரிந்துவிடும். விரல் முனை உருண்டு மழுங்கியதும், முன்பட்டையில் ஓட்டை விழும் முன்பே சோல் மாற்றக் கொடுங்கள். பட்டை கிழிந்துவிட்டால் வேலை பெரிதாகும், சிலர் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். வாங்கும்போதே அந்த மாடலுக்குச் சோல் மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.