ட்ரெய்லர் இழுக்க ஆட்டோமேட்டிக்கே எடுங்கள்

3 டன் படகு ட்ரெய்லரை மலைப்பாதையில் இழுக்க மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்று கேட்டிருந்தீர்கள். பல வருடம் மேனுவலே ஓட்டியவன் நான்; ஆனாலும் உங்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி.

காரணம், தண்ணீரிலிருந்து படகை ஏற்றிக்கொண்டு சரிவில் மேலே நகரும் அந்த முதல் சில அடிகள். மேனுவலில் அந்த நேரம் முழுக்க கிளட்ச் தேய்ந்து சூடாகும். ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பது அதைவிட மோசம். கருகல் வாடை வந்தால் கிளட்சின் ஆயுளில் ஒரு பங்கு போச்சு. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய் வழியாக விசையைக் கடத்துகிறது; அதனால் கிளம்பும்போது அப்படித் தேய்வதில்லை. கிளம்பும்போது எஞ்சினின் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை பெருக்கியும் தரும்.

ஆட்டோமேட்டிக்கின் எதிரி சூடு. கியர்பாக்ஸ் எண்ணெய்க்குத் தனி கூலர் இருக்கிறதா பாருங்கள், எண்ணெயையும் கொஞ்சம் முன்னதாகவே மாற்றுங்கள். இறக்கத்தில் டோ மோடு (ட்ரெய்லர் இழுப்பதற்கான ஓட்டும் முறை) போட்டு, கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். இப்படி எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக்கிங்கில் மட்டும் மேனுவல் ஒரு படி மேல், ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம், ஒரே மாடலிலும் கியர்பாக்ஸைப் பொறுத்து இழுவைத் திறன் மாறலாம். வாங்குமுன் கையேட்டில் அந்த எண்ணைப் பாருங்கள். 3 டன்னை ஒட்டியே நின்றால் அந்த வண்டி வேண்டாம்.