வாசகர் கேள்வி – பதில்: பழைய அமெரிக்க வண்டி வாங்குமுன்

பழைய அமெரிக்கக் கார், பிக்கப், ஜீப் வாங்குவது பற்றி எதுவும் கேட்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி (உவர்மலை): மூதூரில் ஒருவரிடம் செவ்ரோலெட் 3100 பிக்கப் இருக்கிறது. புதுப் பெயின்ட், எஞ்சினும் ஸ்டார்ட் ஆகிறது. 1949 வண்டி என்கிறார். கதவில் சின்ன முக்கோணக் கண்ணாடி ஒன்று தனியாகத் திறக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த முக்கோணக் கண்ணாடியைக் கவனித்தீர்களே, நல்லது. இந்த உருவத்தில் வண்டி 1947இல் வந்தாலும் கதவில் அந்தக் கண்ணாடி 1951இல்தான் வந்தது. இனிக் கைபிடியைப் பாருங்கள். திருப்பித் திறக்கிற கைபிடி என்றால் 1951, அமுக்குகிற பொத்தான் என்றால் 1952 அல்லது அதற்குப் பிறகு. இடையில் யாராவது கதவை மாற்றியும் இருக்கலாம், ஆகவே பதிவுப் புத்தகத்தில் என்ன ஆண்டு என்று பார்க்காமல் விலை பேசவே வேண்டாம்.

எனக்குப் பயம் அந்தப் புதுப் பெயின்டில்தான். நம்முடைய உப்புக் காற்றில் எழுபது வருஷம் நின்ற தகரம் கறள் பிடிக்காமல் இருக்காது, விற்கப் போகிற நேரத்தில் பெயின்ட் அடித்தால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகள், கதவின் அடிப்பகுதி, ஏறுகிற படி, இந்த இடங்களில் மெதுவாக நகர்த்துங்கள். பிடித்துக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் பிடியை விட்டு வழுக்கினால் அங்கே தகரம் இல்லை, பட்டி போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அப்புறம் டோர்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, கேபின் செசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உட்காருகிற இடங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொருபொருவென்று உதிர்ந்தால் எழும்பி வந்துவிடுங்கள், ஏனென்றால் அதைச் சரிசெய்ய டிங்கர் வேலைக்குக் கொடுக்கிற காசு வண்டியின் விலையையே தாண்டிப் போகும்.

எஞ்சினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 1951 வண்டியில் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் இருக்க வேண்டும். அதில் கனெக்டிங் ரொட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கம்பி) பெயாரிங்குகள் உருக்கி ஊற்றிய வெள்ளை உலோகம், அதனால் நீண்ட நேரம் வேகமாக ஓட்டக் கூடாது. ஒயில் பிரஷர் மீட்டர் தாழ்வாகக் காட்டுவது இந்த எஞ்சினின் இயல்பு, அதைச் சொல்லி விலை குறைக்கப் பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அடியிலிருந்து டொக்கு டொக்கென்று சத்தம் வந்தால் அது வேறு கதை. இன்னொன்று, இது 6 வோல்ட் வண்டி. 12 வோல்ட் பட்டரியைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டியிருந்தால் பல்ப், மீட்டர், டைனமோ எல்லாம் முறைப்படி மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் நீங்களே துடைத்து, வாசித்து, புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் அட்வான்ஸ். இதில் தரகர் சொல்லை நம்பாதீர்கள். கறளை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைக்கலாம், நம்பர் பொருந்தாத வண்டியைப் பெயர் மாற்றப் போய் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் படுகிற பாட்டுக்கு முடிவே இல்லை.

கேள்வி (கிண்ணியா): 1956 செவ்ரோலெட் பெல் எயார் ஒன்று பார்த்தேன். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கிறது. அமெரிக்கக் கார் என்றால் இடப்பக்கம்தானே, இது மாற்றியதா?

பதில்: மாற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பொதுநலவாய நாடுகளுக்கான வலப்பக்க ஸ்டீயரிங் செவ்ரோலெட்டுகள் கனடாவில் ஒஷாவாவிலிருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் ஆலையிலிருந்து போயின. போனட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தகரச் சுவரின் இடப்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டையை அடைத்து வெல்டிங் வைத்த அடையாளம் இருந்தால் பிறகு மாற்றியது. நம்பர் பிளேட்டையும் பாருங்கள். ‘ஸ்ரீ’ என்ற சிங்கள எழுத்துப் போட்ட இலக்கம் 1957இல் வந்தது, அதற்கு முன் பதிந்தவற்றில் சீ.ஈ., ஈ.என். மாதிரி ஆங்கில எழுத்துகள். 1956 காரில் ஸ்ரீ இருந்தால் அது பொய்க் கார் என்று அர்த்தமில்லை, எப்போது, யார் பெயரில் முதலில் பதிந்தார்கள் என்று கேட்க ஒரு காரணம் கிடைக்கிறது.

கேள்வி (சீனக்குடா): எங்கள் ஊரில் ஒரு வில்லிஸ் ஜீப். இரண்டாம் உலகப் போரில் இங்கே இருந்த வெள்ளைக்காரப் படையின் ஜீப் என்று அதிக விலை சொல்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஜப்பான் டீசல் எஞ்சின் போடலாமா?

பதில்: 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது, பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 வரைக்கும் இருந்தது. அதனால் அவர் சொல்வது நடக்க முடியாத விஷயமில்லை. ஆனால் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள், இரும்பைப் பாருங்கள். போர்க்கால ஜீப்பின் முன் தகரத்தில் ஒன்பது நீளத் துளை, 1945இல் பொதுமக்களுக்கென்று வந்த சீ.ஜே.-2ஏ ஜீப்பில் ஏழு. போர் ஜீப்பின் முன் லைட் சிறிது, தகரத்துக்குப் பின்னால் உள்ளே இருக்கும். போர் ஜீப்பில் பின்னால் இறக்குகிற கதவு கிடையாது, மேலதிக ரயர் அங்கேதான் தொங்கும். முன் தகரத்தை மாற்றுவது ஒரு நாள் வேலை, அதனால் குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே செசியின் குறுக்குச் சட்டத்தையும் பாருங்கள். வில்லிஸ் செய்ததென்றால் உருண்டைக் குழாய், அதே ஜீப்பை ஃபோர்ட் செய்ததென்றால் கவிழ்த்த தகரச் சட்டம்.

டீசல் எஞ்சின்? தயவுசெய்து போடாதீர்கள். எத்தனையோ நல்ல ஜீப்புகள் இப்படித்தான் பெறுமதி இழந்தன. பழைய பெட்ரோல் எஞ்சின் எரிபொருள் குடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். தினமும் வயலுக்குப் போகிற வண்டிதான் உங்களுக்குத் தேவை என்றால் வேறு ஜீப் வாங்குங்கள், இதை இப்படியே வைக்கிற ஒருவர் கையில் போகட்டும்.

கேள்வி (பாலையூற்று): டொரோன்டோவில் இருக்கிற என் தம்பி 1965 ஃபோர்ட் மஸ்டாங் ஜீ.டீ. ஒன்று வாங்கப் போகிறான். போட்டோக்கள் அனுப்பினான். உண்மையான ஜீ.டீ.தானா?

பதில்: ஜீ.டீ. என்பது மஸ்டாங்கின் விசேஷ வகை; போட்டோவில் தெரிகிற அதன் பொக் லைட், கோடு, இரட்டை சைலன்சர் எல்லாம் கடையில் வாங்கிப் பூட்டலாம். தம்பியை எஞ்சின் அறையின் இடப்பக்க உள் தகரத்தில் அடித்திருக்கிற நம்பரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதில் ஐந்தாவது இடத்தில் இருக்கிற எழுத்துத்தான் எஞ்சினைச் சொல்லும். 1965 ஜீ.டீ. என்றால் அது ஏ அல்லது கே. வேறு எழுத்து இருந்தால் ஃபோர்ட் அதை ஜீ.டீ.யாகச் செய்யவில்லை. ஏ இருந்துவிட்டால் மட்டும் ஜீ.டீ. என்று முடிவாகிவிடாது, அந்த எஞ்சினை ஜீ.டீ. இல்லாமலும் விற்றார்கள்.

சரி, இதையும் சொல்லுங்கள். கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற காற்றுத் துளைகளில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே கால் வைக்கிற கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கட்டும். நனைந்தால் உள்ளே கறள் தின்றிருக்கிறது, மஸ்டாங்கின் பழைய வியாதி அது. பிரேக்குக்கு ஒரே லைன்தான், எங்காவது ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. 1967 மொடலிலிருந்துதான் இரட்டை லைன். ஓட்டத்தான் போகிறான் என்றால் முதல் செலவு அதில் போகட்டும்.

கேள்வி (நிலாவெளி): கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. பழைய காரைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைக்கலாமா?

பதில்: வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று கறளை வேகப்படுத்தும். கூரைக்குக் கீழே, காற்றுப் போகிற பருத்தித் துணியால் மூடுங்கள். கிழமைக்கு ஒருதரம் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் பைப் தண்ணீரைப் பாவியுங்கள். மாரி தொடங்குமுன், ஒக்டோபரிலேயே, கதவுகளின் கீழ் விளிம்பில் இருக்கிற வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.