ஊரைக் காப்பாற்றிய பிறகும் ஊர் மக்கள் எங்களைக் கண்டு பயப்படுகிறார்கள். எங்கள் டி.எம் செய்வது சரியா?

கேட்டவர் சொல்வது இதுதான்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு சாகசக்காரராகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டை விளையாடுகிறார்கள், கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்களை அழித்து ஊரை மீட்டிருக்கிறார்கள், ஆனால் கதையை நடத்தும் டி.எம் (டஞ்சன் மாஸ்டர்) ஊர்க்காரர்களைக் கதவைச் சாத்திக்கொள்பவர்களாகவே காட்டுகிறார். சாகசக்காரர்களைக் கொண்டாட வேண்டாமா என்று கேட்கிறார்.

ஆறு வருடமாக எங்கள் குழுவுக்கு நான்தான் டி.எம். இதே புகாரை என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள், அதனால் பேசாமல் கடந்து போக முடியவில்லை. உங்கள் குழு ஐந்தாவது லெவலைத் தொட்டிருக்கும், ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் போடக்கூடிய ஒருவரும் அதில் இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு சாதாரண ஊர்க்காரருக்கு 4 ஹிட் பாயிண்ட், அதாவது அவ்வளவு சேதம் பட்டாலே விழுந்துவிடுவார். ஃபயர்பாலுக்கு எட்டு ஆறுமுகப் பகடை உருட்டுகிறோம், சராசரிச் சேதம் 28. எட்டிலும் ஒன்றே விழுந்து, அவர் சேவ் எடுத்து, அதாவது தப்பிக்க உருட்டும் பகடையில் வென்று, அதிலும் பாதிதான் பட்டது என்றாலும் 4. அப்போதும் விழுந்துவிடுவார். 20 அடி ஆரத்துக்குள் நிற்கிற ஊர்க்காரர் பிழைக்க வழியே இல்லை. அதைச் செய்யக்கூடிய ஒருவர் உங்கள் தெருவில் நடந்து வந்தால் நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?

பணமும் அப்படித்தான். சாதாரணக் கூலியாளுக்கு ஒரு நாளைக்கு 2 வெள்ளிக்காசு. உங்கள் ஃபைட்டர் (போர்வீரர்) போட்டிருக்கும் பிளேட் கவசம் 1,500 பொற்காசு. ஒரு பொன்னுக்குப் பத்து வெள்ளி என்றால் அது 7,500 நாள் கூலி, இருபது வருடத்துக்கு மேல். சின்னக் கீறலுக்கு நீங்கள் குடிக்கிற, காயம் ஆற்றும் ஹீலிங் போஷன் 50 பொன், அதாவது 250 நாள் கூலி. இறந்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 500 பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும், பத்து நாளுக்குள் போட வேண்டும். போன வாரம் புருஷனைப் புதைத்தவள் கடவுள் அருளால் மந்திரம் போடும் உங்கள் கிளெரிக்கின் கழுத்தில் இருக்கும் சின்னத்தைப் பார்க்கும்போது என்ன நினைப்பாள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இப்போது எங்கள் கதை. பதினொரு வீடுகள் உள்ள ஒரு கிராமம். மூன்று கோப்ளின்கள் தானியக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டன. கோப்ளினுக்குச் சராசரி 7 ஹிட் பாயிண்ட்தான், ஃபைட்டர் ஒருவரே போய் முடித்திருக்கலாம். ஆனால் அன்றுதான் எங்கள் விஸார்டுக்கு (மந்திரவாதிக்கு) ஃபயர்பால் புதிதாகக் கிடைத்திருந்தது. "கொட்டகை நடுவுல போடுறேன்" என்றார். "உள்ளே மூட்டைகள் அடுக்கியிருக்கு" என்று நான் சொன்னேன். சொல்லவே இல்லை என்று பிறகு ஒருவர் சண்டைக்கு வந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன், சொன்னேன். எரியக்கூடிய பொருட்கள் தீப்பிடிக்கும் என்பது மந்திரத்தின் விவரத்திலேயே இருக்கிறது. கோப்ளின்களும் செத்தன, கொட்டகையும் போனது.

அடுத்த செஷனுக்கு எல்லோரும் விருந்தை எதிர்பார்த்து வந்தார்கள். ஊரில் ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் ஒரு கிழவி மட்டும் வெளியே வந்து விஸார்டின் முன் கையை விரித்தாள். உள்ளங்கையில் கரிந்த தானியம். "ஐயா, இது சாப்பிடுறதுக்கு வெச்சது இல்ல. விதைக்க வெச்சது" என்றாள்.

விஸார்ட் உடனே 50 பொற்காசை எண்ணி வைத்தார். நல்ல மனசோடுதான் வைத்தார், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிழவி எடுக்கவில்லை. அந்த ஊரில் பொற்காசை மாற்ற ஆளில்லை. அக்கம்பக்கத்தில் விற்கிற அளவுக்கு விதை வைத்திருக்கும் ஊரும் இல்லை. இவர்கள் மறுநாள் கிளம்பிவிடுவார்கள், விதைப்புக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. "பொன்னை மண்ணுல போட்டா முளைக்குமாய்யா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். டேபிளில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் ஒருவர் கோபப்பட்டார். "டேய், நாங்க இல்லன்னா கோப்ளின் அவங்களையே கொன்னிருக்கும்டா." இருக்கலாம். கிழவிக்கும் அது தெரியும். ஆனால் கோப்ளின்கள் வருடா வருடம் இரண்டு ஆட்டைத் தூக்கிப் போகும், ஊர் அதைத் தாங்கும். ஒரு வருட விதை போனால் தாங்காது. உங்கள் டி.எம் காட்டுகிற பயத்துக்குப் பின்னால் இப்படி ஏதாவது இருக்கும், விசாரித்துப் பாருங்கள். கடைக்காரரிடம் விலை குறைக்க, ஆளை வசியப்படுத்தும் சார்ம் பெர்சன் மந்திரம் போட்டீர்களா? ஒரு மணி நேரம் கழித்து அது கலையும்போது, போட்டது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். விதியிலேயே இருக்கிறது. அவர் பக்கத்து வீட்டில் சொல்லாமல் இருப்பாரா?

"ஜாலியா விளையாட வந்த இடத்துல எதுக்கு இந்த அழுகாச்சி" என்று கமெண்டில் வருவார்கள், தெரியும். எல்லா டேபிளும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1974-இல் வந்த முதல் விதிகளில் புதையல் எடுத்தால்தான் முக்கியமாக லெவல் ஏறும், அது வேறு வகை ஆட்டம். ஆனால் அதிலேயே கரிஸ்மா என்ற, வசீகரத்தைக் குறிக்கும் எண், எத்தனை பேர் உங்களிடம் வேலைக்கு இருப்பார்கள், எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்பதையும் தீர்மானித்தது. மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அப்போதே ஆட்டத்துக்குள் இருந்தது. நான் புதிதாக எதையும் புகுத்தவில்லை.

உண்மையில் எனக்கு வலிப்பது வேறு. அந்த ஊரை எழுத இரண்டு இரவு உட்கார்ந்தேன். பதினொரு வீட்டிலும் யார் யார், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்று எழுதினேன். விளையாட வருகிறவர்கள் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பு "இன்னிக்கு முடியாது" என்று மெசேஜ் போடுவார்கள். அதே மாதத்தில் மூன்று முறை. அப்படிப்பட்டவர்களே ஊர்க்காரர்கள் மரியாதை தரவில்லை என்றும் கேட்பார்கள். உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் நேரத்துக்குப் போகிறவராகவே இருக்கலாம்.

எங்கள் விஸார்ட் அந்தச் செஷனோடு நின்றுவிடுவார் என்று பயந்தேன். நிற்கவில்லை. அடுத்த வாரம் வந்ததும் நகரத்துக்குத் திரும்பிப் போகலாம் என்றார். இரண்டு வண்டி விதை வாங்கி, வழியில் ஒரு முழு செஷனும் அதைக் காவல் காத்து, விதைப்புக்கு நான்கு நாள் முன்னால் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போதும் எல்லாக் கதவும் திறக்கவில்லை, மூன்றுதான் திறந்தன. இன்றுவரை அவர் ஃபயர்பால் போடும் முன் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அந்தக் கட்டடத்துக்குள்ள என்ன இருக்கு?"